காய்ச்சல் வந்த இரவில் யாரை எழுப்புவது?

கேள்வி: சேலத்தில் ஒரு கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். பிறந்தது ஏற்காட்டுக்கு அப்பால் ஒரு மலைக்கிராமத்தில். என் தங்கை அங்கேயே வாழ்க்கைப்பட்டு, கணவரோடு காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறாள். அவளுடைய நான்கு வயது மகனுக்கு சிக்கிள் செல் என்ற இரத்த நோய். பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது கையும் காலும் வீங்கின. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவினார்கள். பிறகு இரத்தப் பரிசோதனையில்தான் விஷயம் தெரிந்தது. இப்போது பென்சிலின், போலிக் ஆசிட், ஹைட்ராக்சியூரியா என்று தினமும் மருந்து. “இது உங்கள் வீட்டு இரத்தம்” என்று தங்கையின் மாமியார் குத்திக்காட்டுகிறார். ஹைட்ராக்சியூரியா புற்றுநோய் மாத்திரை, நிறுத்திவிடு என்றும் ஊரில் சொல்கிறார்கள். தங்கை ராத்திரியில் தூங்குவதே இல்லை. பையனின் நெற்றியில் கை வைத்தபடியே படுத்திருக்கிறாள். மலைக்குளிர் ஆகாது, சேலத்துக்கே வந்துவிடு என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பையனைப் பள்ளியிலும் சேர்க்க வேண்டும். கூடப் பிறந்தவளாக நான் என்ன செய்ய வேண்டும்? இன்னொன்று: என் மகளுக்கு இருபது வயது. என் தம்பிக்கே கொடுக்கலாம் என்று வீட்டில் பேச்சு. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன். — பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மருந்து, மாமியார், பள்ளிக்கூடம், குளிர் என்று நிறைய எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. அந்த வீட்டில் இந்த நோயைப் பற்றித் தெரிந்தவர் உங்கள் தங்கை ஒருத்திதான். டாக்டர் சொன்னதைக் கேட்டவள் அவள், மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று அறிந்தவள் அவள், விழித்துக்கிடப்பவளும் அவள். நாளைக்கு அவளே காய்ச்சலில் படுத்துவிட்டால் பையனை யார் பார்ப்பது? ஆகவே உங்கள் “நான் என்ன செய்ய வேண்டும்” என்ற கேள்விக்கு என் பதில்: அவளுக்குத் தெரிந்ததை எல்லாம் நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். அவள் கணவரையும் மாமியாரையும் தெரிந்துகொள்ள வையுங்கள். ஆறுதல் சொல்வது பிறகு.

மாமியாரிலிருந்தே தொடங்குவோம். பூவா தலையா போட்டிருப்பீர்கள். அப்பா ஒரு காசைச் சுண்டுகிறார், அம்மா ஒரு காசைச் சுண்டுகிறார். இரண்டிலும் பூ விழுந்தால்தான் பிள்ளைக்கு இந்த நோய். ஒன்றில் மட்டும் விழுந்தால் பிள்ளை, பெற்றோரைப் போலவே, இந்த நோய்க்கான அணுக்கூறை (மரபணுவை) ஒரு பங்கு மட்டும் சுமப்பவர், அதாவது கேரியர். நோயாளி அல்ல. இரண்டிலும் தலை விழுந்தால் எதுவும் இல்லை. ஆகவே அந்த அம்மாளின் மகனுடைய காசும் பூவாக விழாமல் பேரனுக்கு இது வந்திருக்கவே முடியாது. பாதி உங்கள் வீடு, பாதி அவர்கள் வீடு. இதை நீங்கள் சொன்னால் சண்டையில் முடியும். அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது மாமியாரையும் உடன் அழைத்துவரச் செய்து, டாக்டர் வாயால் சொல்ல வையுங்கள். வெள்ளைக் கோட்டுக்கு இந்த ஒரு பயனாவது இருக்கட்டும்.

அவருக்குச் சொல்ல இன்னொரு செய்தியும் உண்டு. இந்தியாவில் இந்த அணுக்கூறு முதன்முதலில் கண்டறியப்பட்ட இடங்களில் ஒன்று நம் நீலகிரி. 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் அங்குள்ள மலைவாழ் மக்களின் இரத்தத்தில் அதைப் பார்த்தார்கள். ஒரு பங்கு மட்டும் உடையவர்களை மலேரியா எளிதில் கொன்றுபோடாது. மலேரியா சூழ்ந்த காடுகளில் தலைமுறை தலைமுறையாக இது தங்கிவிட்டதற்குக் காரணம் அதுதான். பாட்டனைக் காப்பாற்றியது, இரண்டு பக்கமும் சேர்ந்துகொண்டபோது பேரனை வாட்டுகிறது. இதில் சாமி குற்றமும் இல்லை, செய்வினையும் இல்லை. தொட்டால் ஒட்டுவதும் இல்லை.

பையனின் உடம்பில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரத்தத்தின் சிவப்பணு வட்டமாக, மெத்தென்று வளைந்து கொடுப்பதாக இருக்க வேண்டும். இவனுக்கு உயிர்வாயுவோ நீரோ குறையும்போது அது விறைத்து அரிவாள் போல வளைந்துவிடுகிறது. நுண்ணிய குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்கிறது. அடைத்த இடத்தில் வலி. பத்து மாதத்தில் கை கால் வீங்கியதும் இந்த அடைப்பினால்தான், சுளுக்கு அல்ல. பிறந்த சில மாதங்களுக்குக் கருவில் இருந்தபோது உள்ள ஹீமோகுளோபின் மிச்சமிருப்பதால் குழந்தை நன்றாகவே இருக்கும். அது தீரத் தீரத்தான் நோய் முகம் காட்டும். சாதாரணச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும், இவனுடையது பத்து இருபது நாளில் உடைந்துவிடும். சோகை அதனால். கண் மஞ்சளாகத் தெரிவதும் அதனால்.

இந்தக் கண் மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் கண்ணில் மஞ்சள் தெரிந்தால் உடனே காமாலை, கீழாநெல்லி, உப்பில்லாப் பத்தியம், மூன்று நாள் கஞ்சி. இந்தப் பையனைப் பத்தியத்தில் காயப்போட்டால் உடம்பில் நீர் குறைந்து வலி வந்துவிடும். இலேசான மஞ்சள் அவனுக்கு எப்போதும் இருக்கும். வழக்கத்தை விட அடர்ந்தால், சிறுநீர் கறுத்தால் மருத்துவமனைக்கு. வேறு வைத்தியம் வேண்டாம்.

இனி காய்ச்சல். இதை மட்டும் சற்று நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிருமிகளை வடிகட்டிப் பிடிக்கும் உறுப்பு மண்ணீரல். இந்த நோயில் அது சின்ன வயதிலேயே பழுதாகிவிடுகிறது. அதனால் மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு நாளில் போய்விடும் கிருமி இவனுக்குச் சில மணி நேரத்தில் இரத்தத்தில் பரவிவிடலாம். தினம் இரண்டு வேளை பென்சிலின் கொடுப்பது அதற்குத்தான். குறைந்தது ஐந்து வயது வரை ஒரு வேளையும் தவறக் கூடாது. நிமோனியா, டைபாய்டு முதலிய தடுப்பூசிகளில் எது விட்டுப்போயிருக்கிறது என்று அட்டையைக் காட்டிக் கேட்கச் சொல்லுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் காய்ச்சல் 101 டிகிரியைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மாத்திரை சூட்டைத்தான் இறக்கும், கிருமியை அல்ல. பிள்ளை தெளிந்துவிட்டதாக நம்பி வீட்டில் வைத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தங்கை நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கைக்கு 101 தெரியாது. நீங்கள் முதலில் வாங்கித்தர வேண்டியது ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். உபரியாக ஒரு பேட்டரியும். தோட்ட வேலை செய்து காய்த்த கைக்குச் சூடு குறைவாகத்தான் தெரியும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது வழி. மலைக்கிராமத்திலிருந்து ஏற்காடு, ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் அடிவாரம், பிறகு சேலம். பகலில் பஸ் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு? 108-ஐ அழைப்பது யார், ஊரில் ஜீப் வைத்திருப்பவர் யார், அவர் வெளியூர் போயிருந்தால் அடுத்தவர் யார், நேரே சேலத்துக்கு இறங்குவதா, ஏற்காடு அரசு மருத்துவமனையில் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு இறங்குவதா? இதெல்லாம் காய்ச்சல் இல்லாத ஒரு பகல் பொழுதில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியவை. சிகிச்சை தரும் டாக்டரிடம் ஒரே ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள்: நோயின் பெயர், பையனின் எடை, இரத்த வகை, வழக்கமான ஹீமோகுளோபின் அளவு, தினசரி மருந்துகள், காய்ச்சல் வந்தால் தாமதமின்றி என்ன தர வேண்டும். நள்ளிரவில் பணியில் இருக்கும் இளம் டாக்டர் இந்த நோயை அதிகம் பார்த்திராதவராக இருக்கலாம். அந்தத் தாள் அவருக்கும் உதவும். பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரு பிரதி அங்கே, ஒரு பிரதி உங்கள் வீட்டில், ஒன்று கணவரின் சட்டைப்பையில்.

காய்ச்சலைப் போலவே ஓட வேண்டிய வேறு சில நேரங்களும் உண்டு. மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி. முகம் ஒரு பக்கம் இழுப்பது, ஒரு கையோ காலோ தளர்வது, பேச்சு குழறுவது. இது சின்னப் பிள்ளைக்கும் வரும், பக்கவாதம் கிழவர்களுக்கு மட்டும் என்று இருந்துவிடக் கூடாது. இதை முன்கூட்டியே அறிய இரண்டு வயதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை மூளை இரத்தக்குழாய்க்கு டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள். பையனுக்கு எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். இன்னொன்றைப் பையனின் அப்பாவிடம் சொல்ல வேண்டும்: ஆணுறுப்பு வலியோடு விறைத்து இரண்டு மணி நேரத்தில் அடங்காவிட்டால் அதுவும் மருத்துவமனைக்குரிய அவசரம்தான். வளர்ந்த பையன்கள் வெட்கப்பட்டு மறைத்துவிடுவார்கள், டாக்டர்களும் சொல்ல மறந்துவிடுகிறோம்.

மண்ணீரல் திடீரென்று இரத்தத்தை உள்ளே தேக்கி வீங்கிக்கொள்வதும் உண்டு. பிள்ளை வெளுத்து, துவண்டு, இடப்பக்க வயிறு புடைக்கும். சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. ஜமைக்காவில் தாய்மார்களுக்கு மண்ணீரலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக்கொடுத்ததாலேயே இந்தச் சாவுகள் குறைந்தன. பெரிய கருவி எதுவும் இல்லை. பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, இடது விலா எலும்பு முடியும் இடத்துக்குக் கீழே விரல்களைத் தட்டையாக வைத்து மெல்ல அழுத்தினால், மூச்சு இழுக்கும்போது மண்ணீரலின் விளிம்பு வந்து விரலில் இடிக்கும். ஓர் ஐஸ் குச்சியை எடுத்து, விலா முனையிலிருந்து அந்த விளிம்பு வரை வைத்து, பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். நாளைக்கு அந்தக் கோட்டைத் தாண்டி இறங்கியிருந்தால் கிளம்ப வேண்டியதுதான். எதுவும் தட்டுப்படவில்லை என்றாலும் அதுவும் ஓர் அளவுதான். இதை டாக்டர் ஒருமுறை கைபிடித்துக் காட்டித்தர வேண்டும். அன்று தங்கை கணவர் கட்டாயம் இருக்கட்டும். குச்சி அவர் பொறுப்பு.

வலி வந்தால் ஐஸ் வைக்கக் கூடாது. வெதுவெதுப்பான ஒத்தடம், நிறையத் தண்ணீர், டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மருந்து சரியான அளவில். அதற்கும் அடங்காவிட்டால் மருத்துவமனை. வலியை நம்புங்கள். என் ஆரம்ப காலத்தில், வார்டில் டி.வி. பார்த்தபடி இருந்த ஒரு சிறுவன் என்னைக் கண்டதும் வலி என்றான். நடிக்கிறான் என்று நினைத்துவிட்டேன். தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் அவன் வலியை விழுங்கிக்கொண்டிருந்தான் என்பது எனக்குப் புரியப் பல மாதங்கள் ஆயின. இன்றும் அவன் முகம் மறக்கவில்லை.

ஹைட்ராக்சியூரியாவைப் பற்றி ஊரில் சொல்வது பாதி உண்மை. சில இரத்தப் புற்றுநோய்களுக்கும் அது தரப்படுகிறது. இங்கே அது செய்யும் வேலை வேறு: கருவில் இருந்த பழைய ஹீமோகுளோபினை மறுபடி சுரக்கத் தூண்டுகிறது. அது கூடக்கூட அணுக்கள் அரிவாளாவது குறைகிறது. 1995-ல் பெரியவர்களிடம் நடந்த ஆய்வில் கடும் வலி வரும் தடவைகள் ஏறக்குறையப் பாதியாகின. இப்போது குழந்தைகளுக்கும் தயங்காமல் தருகிறோம். ஆனால் எடைக்கு ஏற்ற அளவு, முறையான இரத்தப் பரிசோதனை இரண்டும் இல்லாமல் கூடாது. தொடங்கியவுடன் பலன் தெரியாது, மாதங்கள் ஆகும். யாரோ சொன்னார்கள் என்று நடுவில் நிறுத்த வேண்டாம். கர்ப்பிணிகள் யாராவது வீட்டில் இருந்தால் அவர்கள் அந்தக் கேப்சூலைப் பிரித்துக் கலக்கக் கூடாது.

சேலத்துக்கு வந்துவிடு என்று சொல்வதை நிறுத்துங்கள் என்றுதான் சொல்வேன். குளிர் வலியைத் தூண்டும், மறுக்கவில்லை. மார்கழி மூடுபனியில் ஈரச் சட்டையோடு நின்றால் அன்றிரவே தெரிந்துவிடும். ஆனால் சித்திரையில் சேலம் வெயில் உடம்பு நீரை உறிஞ்சுவதும் அதே வேலையைத்தான் செய்யும். அங்கே அவளுக்கு வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, கூப்பிட்ட குரலுக்கு ஆள் இருக்கிறது. வெந்நீரில் குளிப்பாட்டி உடனே துவட்டுவது, காலுறை, நனைந்தால் மாற்ற இன்னொரு ஸ்வெட்டர், ஓடைத் தண்ணீரில் ஆட விடாமல் இருப்பது போதும். தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும் நாளில் ஒரு பிளாஸ்கில் வெந்நீர். குளிரை விடப் பெரிய பிரச்சினை தூரம்தான், அதற்கு வழியை மேலே சொல்லிவிட்டேன்.

நீங்கள் சேலத்தில் இருப்பது அவளுக்குப் பெரிய சொத்து. பரிசோதனைக்கு இறங்கும் முந்தின இரவு உங்கள் வீட்டில் தங்கினால் காலையில் புறநோயாளிகள் சீட்டு வாங்கும் வரிசையில் முன்னால் நிற்கலாம். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் ஒரு நாள் கூலி போவது எளிதல்ல. மருந்து மட்டும் வாங்க வேண்டிய மாதத்தில் நீங்களே வாங்கி, மேலே போகும் பஸ்ஸில் தெரிந்தவரிடம் கொடுத்தனுப்ப முடியுமா என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள். பையனைச் சேர்த்திருக்கும்போது ஓர் இரவு நீங்கள் கட்டிலருகே உட்காருங்கள், அவள் உங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும். முதலில் மறுப்பாள். இரண்டாம் இரவு போவாள். போனில் கூப்பிடும்போதெல்லாம் “இன்றைக்கு எப்படி இருக்கிறான்” என்றே தொடங்காதீர்கள். அவளைப் பற்றியும் கேளுங்கள்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் எடுத்துவையுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் சிக்கிள் செல் நோயும் சேர்ந்திருக்கிறது. மருத்துவக் குழு மதிப்பிடும் சதவீதத்தைப் பொறுத்துச் சலுகைகள் உண்டு. இந்த அலுவலக அலைச்சலைத் தங்கை தலையில் கட்டாமல் நீங்கள் பாருங்கள்.

பள்ளியில் சேர்க்கும் அன்றே ஆசிரியரைப் பார்த்து மூன்று விஷயம் சொல்ல வேண்டும். அவன் தண்ணீர் பாட்டில் எப்போதும் மேசையில் இருக்க வேண்டும். ஒன்றுக்குப் போகக் கேட்டால் உடனே விட வேண்டும். இவனுடைய சிறுநீரகத்தால் நீரைச் சேமித்து வைக்க முடியாது, அடிக்கடி போவான். இரவில் பாயை நனைப்பதும் அதனால்தான், வீட்டில் அதற்காக அடிக்காதீர்கள். வெயிலிலோ மழையிலோ நிற்க வைக்கும் தண்டனை கூடாது. மற்றபடி ஓடட்டும், விளையாடட்டும், களைத்தால் உட்காரட்டும். நோயாளி என்று மூலையில் உட்கார வைப்பதற்குப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியதில்லை. அங்கே தரும் இரும்புச்சத்து மாத்திரையை மட்டும், இரும்பின் அளவைப் பார்த்து டாக்டர் சொன்னால் ஒழிய, தர வேண்டாம். இவன் சோகை இரும்பு குறைந்து வந்ததல்ல. முருங்கைக்கீரைக்குத் தடை இல்லை.

கடைசியில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். சம்பந்தம் இருக்கிறது, அம்மா. தங்கை கேரியர் என்றால் உங்கள் அப்பா அம்மாவில் ஒருவராவது கேரியர். அப்படியானால் நீங்களும் உங்கள் தம்பியும் கேரியராக இருப்பதற்குக் குறைந்தது சரிபாதி வாய்ப்பு. உங்களிடம் இருந்தால் மகளுக்கும் பாதி வாய்ப்பு. தம்பியும் மகளும் இருவருமே கேரியராக அமைந்துவிட்டால், அவர்கள் சுண்டும் ஒவ்வொரு காசும் தங்கை வீட்டுக் காசுதான்: ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்ததற்கு வராது என்ற கணக்கும் கிடையாது. காசுக்கு ஞாபகம் இல்லை.

இது தாய்மாமன் கல்யாணத்துக்கு மட்டும் உள்ள சிக்கல் அல்ல. அசலில் கொடுத்தாலும், ஒரே மலையில் ஒரே சமூகத்துக்குள் கொடுத்தால் அங்கேயும் கேரியர் இருக்கலாம். ஆகவே தேதி குறிப்பதற்கு முன்னால் நீங்கள், தம்பி, மகள் மூவரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கேரியர் என்று வந்தால் அது நோய் அல்ல, கல்யாணத்துக்குத் தகுதிக் குறைவும் அல்ல. இருவரும் கேரியராக இருக்கக் கூடாது என்பதுதான் பார்க்க வேண்டியது. இருந்துவிட்டால் கல்யாணத்தை மாற்றுவதா, கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் கருவைப் பரிசோதிப்பதா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள் இருவரும். மகளின் பரிசோதனை முடிவை அவளிடம்தான் முதலில் சொல்ல வேண்டும், சொந்தக்காரர்களிடம் அல்ல.

2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தில் தமிழ்நாடும் இருக்கிறது. பழங்குடியினர் வாழும் பகுதிகளில் 40 வயது வரையுள்ளோருக்குப் பரிசோதனை செய்வது அதன் முதல் வேலை. ஏற்காடு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துவிட்டு, இல்லையென்றால் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். முதலில் செய்யும் கரைதிறன் பரிசோதனை, அணுக்கூறு இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். கேரியரா நோயாளியா என்று பிரித்துச் சொல்லாது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. என்ற பரிசோதனை வரை போய் உறுதி செய்துகொள்ளுங்கள். கடந்த மூன்று மாதங்களில் உங்களில் யாருக்காவது இரத்தம் ஏற்றியிருந்தால், ஊசி குத்துவதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.